நடக்கிறோம் சரி, வேகமாக நடக்கிறோமா?

எங்கள் காவிரி டெல்டா பக்கம் யாரிடமாவது "தினமும் கொஞ்சம் நடங்களேன்" என்று சொன்னால் ஒரே பதில்தான் வரும். "நாங்க நடக்காத நடையா தம்பி? வரப்புல நடந்தே வளந்த உடம்பு இது."

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அந்தக் காலம். இப்போது நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க மதகு வரைக்கும் பைக். சோறு மட்டும் அப்பா காலத்து அளவிலேயே இருக்கிறது. சர்க்கரை வராமல் என்ன செய்யும்? நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. டெல்டாக்காரர்களுக்கு அதில் விதிவிலக்கு ஒன்றும் கிடையாது.

நடக்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு). அந்தக் கமலாலயக் குளக்கரையில் காலையில் போய்ப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து வருவார்கள். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், கொள்முதல் நிலையத்தில் என்ன தகராறு என்று பேச்சு ஓடும். பேச்சு சூடுபிடித்ததும் நால்வரும் நின்றுவிடுவார்கள்! கையை ஆட்டிப் பேசி முடித்த பிறகுதான் அடுத்த அடி. ஒரு சுற்று முடிந்ததும் டீக்கடை, ஆளுக்கு இரண்டு மெதுவடை. நட்புக்கு நல்லதுதான், இதயத்துக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

வேகம் வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைத்தால் அது வரும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரைமணி, வாரம் ஐந்து நாள், அவ்வளவுதான். பத்தாயிரம் அடி என்று போனைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அந்த எண், 1960-களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்தது.

1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடம்பை அசைத்ததற்குப் பலன் இருக்கிறது என்று உலகம் கவனித்தது அப்போதுதான். ரத்த அழுத்தம், தூக்கம், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் நடை உதவும்.

சோறு தின்கிற நமக்கு இன்னொன்றும் முக்கியம். தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் வேலை செய்யும்போது, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் ராத்திரி சாப்பிட்டதும் டி.வி. முன்னால் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். இதற்கு வேகம்கூட அவ்வளவு தேவையில்லை.

பெண்கள் எங்கே நடப்பார்கள் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. பல தெருக்களில் விளக்கு எரிவதில்லை, நாய் வேறு. எங்கள் அத்தை மொட்டைமாடியில்தான் சுற்றுகிறார். வார்டு கவுன்சிலர்கள் இதைப் படித்தால் விளக்கையாவது கவனியுங்கள்.

அப்புறம், சர்க்கரை உள்ளவர்கள் ஆற்றங்கரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கால் மரத்துப்போயிருந்தால் கருவேல முள் குத்தினாலும் சிலருக்குத் தெரியாது, புண்ணானபிறகுதான் தெரியும். இன்சுலின் போடுகிறவர்கள் நடக்கும் நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் கிளம்பினால் கையில் டார்ச் கட்டாயம், வயல் பக்கம் கட்டுவிரியன் உண்டு.