உள்ளே எடுத்தால் போதுமா?

இரண்டு நாளாக எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் "சேர் சொன்னதில் என்ன பிழை" என்று நம்முடைய ஆட்களே எழுதுவதைப் பார்த்தபின் முடியவில்லை. பல்கலைக்கழக விரிவுரையில் நம் மலையகத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டது, ஸ்லைடை இன்னொரு முறை விளங்கப்படுத்தச் சொல்லித்தான். அதற்கு விரிவுரையாளர் அவரை மண்டபமே பார்க்க எழுப்பிவிட்டு "கோட்டாவில் வந்தால் இப்படித்தான்" என்றது பிழை. பெரிய பிழை.

முதலில் கோட்டா, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான ஒதுக்கீடு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அது மாவட்டத்துக்கான இடம், தேயிலைத் தோட்டத்துக்கானது இல்லை. டவுனில் டியூஷனோடு படித்த பிள்ளையும் தொழிலாளர் வரிசைவீடான லயத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் போட்டி போடுகிறார்கள்.

தரம் குறையும் என்கிறீர்கள். பரீட்சையை யாரும் லேசாக்கச் சொல்லவில்லை. உள்ளே எடுத்த பிள்ளைக்கு விளங்கும்படி கற்பிக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

நானும் தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு ஆங்கில விரிவுரைக்குள் போய் உட்கார்ந்தவன். கலைச்சொல் எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. அதை அகராதியில் பிடித்துவிடலாம். என்னைக் கவிழ்த்தது 'வெயார்ஆஸ்' (whereas), 'ஹென்ஸ்' (hence) மாதிரிச் சின்னச் சொற்கள். காதில் விழுந்தபடி கொப்பி ஓரத்தில் தமிழில் எழுதிவைத்து, இரவில் அறை நண்பனிடம் கேட்பேன். அதற்குள் அடுத்த விரிவுரை வந்துவிடும். ஒரேயொரு மிஸ் மட்டும் முதல்நாளே ஸ்லைடுகளைத் தந்துவிடுவார், முக்கியமான வசனத்தைப் பலகையில் எழுதி ஒரு நிமிடம் நிற்பார். அந்தப் பாடத்தில்தான் எனக்கு முதல் 'ஏ' கிடைத்தது. அதனால் யாருடைய தரம் குறைந்தது?

"ஆங்கிலம் படித்துக்கொண்டு வரவேண்டியதுதானே" என்கிறார் ஒருவர். எங்கே படிப்பது? எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில ஆசிரியர் இருந்தது ஒன்பது மாதம். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். இதெல்லாம் பழைய கதையாம். என் அம்மா காலை மழையில் கொழுந்துக்குப் போனதும் பழைய கதையா? நான் பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து, அவரிடம் "நல்லாப் போகுது" என்று போனில் பொய் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது.

விரிவுரையாளர்களுக்கும் வேலைப்பளு உண்டு, சரி. ஆனால் ஒரு பிள்ளையை அவமானப்படுத்தாமல் இருக்க நேரம் தேவையில்லையே.

அந்தத் தங்கச்சி இந்த வாரம் வகுப்புக்கே போகவில்லையாம். அவரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: என்னுடைய முதலாம் வருடக் கொப்பிகள் பத்திரமாக இருக்கின்றன, ஓரத்துத் தமிழோடு. அடுத்த சனிக்கிழமை ஹட்டனுக்கு வருகிறேன், கொண்டுவந்து தருகிறேன்.