கேப்டன் அமெரிக்கா யாருடைய ஆள்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். வராதவர்களும் அந்தத் துண்டுக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். பேச்சாளர் எனக்குச் சொன்ன பதிலும், அதற்கு அரங்கம் சிரித்த சிரிப்பும் அதில் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. கேப்டன் அமெரிக்கா என்ற அமெரிக்க காமிக்ஸ் நாயகனை அரசின் ஆள் என்று அவர் சொன்னதை எதிர்த்து நான் கேட்ட கேள்வி மட்டும் வெட்டப்பட்டுவிட்டது. கேள்வி இல்லாத பதிலுக்குத்தான் இத்தனை பகிர்வுகள்.

கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையைத் திரையில் காட்டி, “அமெரிக்க அரசு ராணுவத்துக்கு ஆள் பிடிக்க வரைந்த விளம்பரம்” என்றார் அவர். ஐயா, அந்த அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்து விழுகிறது. இதழில் அச்சிட்ட மாதம் 1941 மார்ச். கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டு இருந்தது. வரைந்தவர்கள் ஜோ சைமன், ஜாக் கிர்பி. இருவரும் யூதத் தையல் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அரசு அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கொடுத்தவர் டைம்லி பதிப்பகத்து முதலாளி மார்ட்டின் குட்மேன். அவரும் பேசிய லாபப் பங்கைச் சரியாகக் கொடுக்கவில்லை என்றுதான் இருவரும் பத்து இதழ்களோடு வெளியேறினார்கள்.

“1940 செப்டம்பரிலேயே கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் வந்துவிட்டதே” என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். வந்தது, உண்மைதான். சட்டம் வந்த நாட்டில் படம் வரைகிறவன் எல்லாம் அரசு ஊழியன் ஆகிவிடுவானா?

1939 பிப்ரவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கத்தில் அமெரிக்க நாஜி ஆதரவாளர்கள் கூட்டம் போட்டார்கள். இருபதாயிரம் பேர் திரண்டார்கள். மேடையில் என்ன இருந்தது தெரியுமா? ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு உயரமான ஜார்ஜ் வாஷிங்டன் படம். அதன் இருபுறமும் தேசியக் கொடிகளும் ஸ்வஸ்திகாவும். அவர்களும் தேசபக்தர்கள் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அதே ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் சைமனும் கிர்பியும் அதே கொடியின் நிறங்களை ஒருவனுக்கு உடுத்தி, ஹிட்லரை அடிக்க அனுப்பினார்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. அலுவலகத்துக்குப் போலீஸ் காவல் போடும் நிலை ஏற்பட்டது. நியூயார்க் மேயர் லாகார்டியாவே தொலைபேசியில் அழைத்துத் தைரியம் சொன்னதாகச் சைமன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அரசு விளம்பரம் வரைகிறவனுக்கு ஏன் கொலை மிரட்டல் வரப்போகிறது?

கேப்டன் அமெரிக்கா அரசின் ஆள் அல்ல. இதைத்தான் அன்று சொல்ல வந்தேன். சொல்ல விடவில்லை.

சரி, 1941-ஐ விடுங்கள். 1974-க்கு வருவோம். அதிபர் நிக்சனைச் சுற்றி வாட்டர்கேட் ஊழல் நாறிக்கொண்டிருந்த நேரம். ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதி, சால் பசேமா வரைந்த 175-ஆம் இதழில், ஒரு ரகசியச் சதிக்கூட்டத்தின் தலைவனைத் துரத்திக்கொண்டு கேப்டன் அமெரிக்கா வெள்ளை மாளிகைக்குள்ளேயே நுழைகிறார். முகமூடி கழன்ற அந்த முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. கேப்டன் மட்டும் பார்க்கிறார். அந்த ஆள் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். தன் மனத்தில் இருந்தது நிக்சன்தான் என்று எங்கிள்ஹார்ட் பிறகு சொன்னார். அட்டையில் இருந்த மாதம் ஜூலை. நிக்சன் ராஜினாமா செய்தது ஆகஸ்டில். அடுத்த இதழிலேயே ஸ்டீவ் ரோஜர்ஸ், அதாவது கேப்டனாக உடை போடும் அந்த மனிதர், அந்த உடையைக் கழற்றிவிடுகிறார். சில மாதங்கள் கழித்து, நாடற்றவனாக, நோமாட் என்ற பெயரில் வருகிறார். ஆள் பிடிக்கும் விளம்பரம் இப்படியா இருக்கும்?

அந்தக் கதை எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் இடத்தில், இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டிய இருப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட மறுத்தேன். “சோறு போட்ட இடத்துக்கே துரோகமா?” என்று கேட்டார்கள். என்னுடன் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் இருக்கையை மாற்றிக்கொண்டார்கள். அந்த வாரம் அந்த 176-ஆம் இதழைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. அந்த இடத்தை மதித்ததால்தான் மறுத்தேன் என்று அங்கே ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை.

இனி எதிர்பார்த்த கேள்விகள். “1954-இல் இதே கேப்டன் கம்யூனிஸ்டுகளை உதைத்தாரே?” உதைத்தார். அது மூன்றே இதழ்களில் படுத்துவிட்டது. அந்த ஆள் அசல் அல்ல, மூளை குழம்பிய போலி என்று 1972-இல் கதையே எழுதினார்கள். வசதியான சமாளிப்பு என்பீர்கள். எத்தனை கட்சிகள் தம் பழைய தலைவரைப் பற்றி இந்த அளவுக்காவது சொல்லியிருக்கின்றன?

“ஜப்பானியரையும் கறுப்பர்களையும் எவ்வளவு கேவலமாக வரைந்தார்கள்!” ஆம். கேவலம்தான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, அடுத்ததற்குப் போகிறேன்.

என்னை உண்மையில் தொந்தரவு செய்வது இன்னொன்று. கேப்டன் உருவான கதையே இதுதான்: நோஞ்சான் இளைஞனுக்கு மருந்து ஊசி போட்டு, பொன்னிற முடியும் நீலக் கண்ணும் கொண்ட மாவீரனாக்கி, இனத்தூய்மை பேசும் நாஜிகளுடன் மோத விடுவது எப்படிச் சரியாகும்? அந்தப் பேச்சாளர் இதைக் கேட்டிருந்தால் நான் வாயடைத்திருப்பேன். அவர் கேட்கவில்லை, ஏனென்றால் படிக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டது இன்னொரு காமிக்ஸ்தான். ராபர்ட் மொராலஸும் கைல் பேக்கரும் 2003-இல் அதே மருந்தைக் கறுப்புச் சிப்பாய்களின் உடலில் சோதித்த கதையைச் சொன்னார்கள். அமெரிக்காவின் டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பர்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் வருடக்கணக்கில் வேடிக்கை பார்த்த அரசாங்கத்தின் நிழல் அந்தக் கதையில் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்கத்தான் எழுந்தேன். கிடைத்த பதில்: “பொம்மைப் புத்தகம் படிக்கும் வயதை நீங்கள் இன்னும் தாண்டவில்லை.” நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில், இரும்புக்கை மாயாவியின் வசனங்களில்தான். அதற்காக வெட்கப்பட வேண்டுமா? தடிமனான புத்தகம் படித்தவர்கள் மட்டும்தான் அறத்தைப் பற்றிப் பேசலாம் என்று எப்போது முடிவானது? சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள். அதுதான் அதிகம் வலித்தது. பெயர் சொல்லவில்லை. உங்களுக்கே தெரியும்.

1974 கதைகளின் தொகுப்பு என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்குத் தருகிறேன், பக்கத்தை மடக்காமல் திருப்பித் தர வேண்டும். பேச்சாளர் கேட்டாலும் தருவேன். ஆனால் அவர் படித்துவிட்டுத்தான் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும்.