ஹெட்டில் விரிசல் என்றால் உடனே தூக்கிப் போட வேண்டுமா?

"சிலிண்டர் ஹெட்டில் (எஞ்சின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) விரிசல் விழுந்தால் ரிப்பேர் நிற்காது, புதுசுதான் போட வேண்டும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

முதலில் பார்க்க வேண்டியது, விரிசல் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதுதான். சில டீசல் எஞ்சின்களின் சர்வீஸ் மேனுவலே, இரண்டு வால்வு சீட்டுகளுக்கு (வால்வு மூடும்போது பொருந்தி உட்காரும் இடம்) நடுவில் 0.5 மி.மீ. அகலம் வரையுள்ள விரிசலோடு அதே ஹெட்டை மறுபடி போடலாம் என்கிறது. உங்கள் எஞ்சினுக்கு என்ன அளவு என்பதை அதன் மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, ஹெட்டைச் சுடுநீரில் அமிழ்த்துவார்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. சுடுநீர் ஏன் என்றால், சில விரிசல்கள் சூட்டில்தான் திறக்கும்.

அலுமினிய ஹெட்டை முன்சூடு செய்து டிக் (TIG) வெல்டிங் வைக்கலாம். வார்ப்பிரும்பில் வெல்டிங் கடினம். அதற்கு, விரிசல் நெடுக திருகு மறை வெட்டிய உலோகக் குச்சிகளை முறுக்கித் தைக்கும் முறை உண்டு. பல இடங்களில் விரிசல், அதிகச் சூட்டில் அலுமினியம் மென்மையாகிப் போயிருப்பது, எஞ்சின் பிளாக்கோடு பொருந்தும் தளத்தைச் சமமாகச் சீவ உலோகம் மிஞ்சாதது என்றால் சரி, மாற்றத்தான் வேண்டும்.

எதைச் செய்தாலும், எஞ்சின் அதிகமாகச் சூடேறித்தான் விரிசல் விழுந்தது என்றால், சூடேறிய காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எஞ்சினை மூடிவிடாதீர்கள்.