ஆப்பிரிக்கக் கொட்டை, எங்க அத்தை கை

பண்ருட்டி ரோட்டில் கடை கடையாக முந்திரி விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் எல்லாம் நம்ம மரத்துப் பருப்பு என்றே நினைக்கிறார்கள். ஆனால் இங்கே உடைபடும் கொட்டையில் நிறைய, ஐவரி கோஸ்ட் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருவது.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. முந்திரியே போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தான். நம்ம தோப்பில் காய்ப்பு சில மாதத்தோடு முடிந்துவிடும். மீதி மாதங்களில், கொட்டை உடைக்கும் எங்க அத்தைக்கு வேலை கொடுத்தது வெளிநாட்டுக் கொட்டை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. புதுக் கன்று காய்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை அடுப்பு எரிந்ததும் அந்தக் கப்பலால்தான். அதனால் வெளிநாட்டுச் சரக்குக்குச் சந்தையைத் திறந்ததே தப்பு என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

என் கோபம் வேறு. அத்தைக்குக் கூலி கிலோ கணக்கு. தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார். ரேஷன் கடை மிஷினில் அவர் விரல் வைத்தால் ரேகை விழாது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார், பின்னால் வரிசை முணுமுணுக்கும். வியட்நாமில் மிஷின் வைத்து உடைத்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். பருப்பு விலை இறங்கினால் இங்கே கம்பெனியைப் பத்து நாள் மூடுவார்கள். முதலாளிக்கும் கடன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் அத்தைக்குச் சல்லிக் காசு கிடையாது.

1990-இல் ஐநா முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. ஒரு நாட்டின் வளர்ச்சியைப் பணத்தை மட்டும் பார்க்காமல் ஆயுளையும் படிப்பையும் சேர்த்து எடைபோடச் சொன்னவர் பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக். அடுத்த வருஷமே நாம் சந்தையைத் திறந்தோம். திறந்த கதவை ஞாபகம் வைத்துக்கொண்டோம், அந்தத் தராசை மறந்துவிட்டோம். அத்தையை அதில் நிறுத்துங்கள். வருமானம் ஏறியிருக்கிறது, மகளை நர்சிங் படிக்க வைத்துவிட்டார், அது பெரிய விஷயம். சரி, அவர் கைக்கும் மூச்சுக்கும் யார் கணக்கு வைத்தார்கள்?

2018 பட்ஜெட்டில் கொட்டை இறக்குமதி வரி 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆனது. தொழில் பிழைக்க அது தேவைதான். அதே உத்தரவில் கையுறை, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, மூடும் நாட்களுக்குப் பாதிக் கூலி என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். அடுத்த சலுகை கேட்டு மனு போகும்போதாவது, உடைக்கிற பெண்களில் நாலு பேரை அந்த மேஜைக்கு எதிரே உட்கார வையுங்கள்.