பேட்டரியைக் கழற்றினால் கணினி வேகமாகாது

“மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியை மாதம் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள், வைரஸ் அழியும், வேகம் கூடும்” என்றொரு தகவல் பரவுகிறது. இது தவறு.

சி.ஆர். 2032 என்ற அந்த 3 வோல்ட் பேட்டரி, மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைக்கிறது. பல போர்டுகளில் பயாஸ் (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் காக்கிறது. வைரஸ் பெரும்பாலும் குடியிருப்பது ஹார்டு டிஸ்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோதான்; பேட்டரியைக் கழற்றினால் அது அழியாது. வேகம் கூடுவதற்குப் பதில் குறையவே வாய்ப்புண்டு: ரேமை அதிவேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. என்ற பயாஸ் அமைப்பு அழிந்தால், 3200 வேகத்தில் ஓடிய டி.டி.ஆர்.4 ரேம் 2133-க்கு இறங்கிவிடலாம். தேதி பழைய ஆண்டுக்குத் தாவினால் இணையதளங்கள்கூடத் திறக்க மறுக்கும். பேட்டரியைப் பிடித்திருக்கும் மெல்லிய கொக்கி உடைந்தால் தலைவலி வேறு!

கணினி துவங்கவே மறுக்கும்போது பார்க்கும் வைத்தியம் இது; மாதாந்தரப் பராமரிப்பு அல்ல. அப்படி மறுத்தால், போர்டின் கையேட்டில் ‘கிளியர் சிமாஸ்’ (பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது) பகுதியைப் பாருங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.