போர்வையைத் தொட்ட தொப்பிக்காரன்

சீனாவில் எது நடந்தாலும் நம்மவர்கள் இரண்டு பெயர்களைத்தான் இழுக்கிறார்கள். சண்டை என்றால் சன் சூ, ஆட்சி என்றால் கன்பூசியஸ். "அவங்க ரத்தத்துலயே கன்பூசியஸ் இருக்கார், அதான் அரசு சொன்னா கேக்கறாங்க" என்பது அடிக்கடி கண்ணில் படும் வசனம். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2011 ஜனவரியில் தியானன்மென் சதுக்கத்தின் ஓரம், தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்னால், முப்பது அடிக்கு மேல் உயரமுள்ள கன்பூசியஸ் சிலை ஒன்றை வைத்தார்கள். ஏப்ரலில் ராவோடு ராவாக எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் இருப்பவரைச் சதுக்கத்தில் நான்கு மாதம்கூட விட்டுவைக்கவில்லை.

என்னைக் கேட்டால் இன்றைய பெய்ஜிங்கைப் புரிந்துகொள்ளப் படிக்க வேண்டிய ஆள் ஹான் ஃபெய். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்காரர். நற்குணத்தை நம்பி நாட்டை நடத்த முடியாது, சட்டம், தண்டனை, பரிசு போதும் என்றவர். சட்டத்தைக் காப்பவர்கள் வலுவாக இருந்தால் நாடு வலுவாக இருக்கும் என்ற அவருடைய வரியை ஷி ஜின்பிங்கே மேற்கோள் காட்டியிருக்கிறார். (அந்த ஹான் ஃபெய், தன் எழுத்தை ரசித்த அரசனின் சிறையிலேயே விஷம் குடித்துச் செத்தார் என்பது தனிக் கதை.)

அவர் சொல்லும் ஒரு சம்பவம். அன்றைய சீனத்துச் சிற்றரசுகளில் ஒன்றான ஹான் நாட்டை ஆண்ட சாவ் பிரபு குடித்துவிட்டுத் தூங்கிப்போகிறார். குளிருமே என்று அவருடைய தொப்பிக்குப் பொறுப்பானவன் மேலே ஒரு அங்கியைப் போர்த்துகிறான். பிரபு எழுந்து, யார் போர்த்தியது என்று சந்தோஷமாகக் கேட்கிறார். பதில் வந்ததும் இருவருக்கும் தண்டனை. உடைக்குப் பொறுப்பானவன் வேலையைச் செய்யவில்லை, தொப்பிக்காரன் தன் வேலையைத் தாண்டினான். குளிரைவிட எல்லை மீறுவது ஆபத்து என்பது பிரபுவின் கணக்கு. ஹான் ஃபெய் இதைப் பாராட்டித்தான் எழுதுகிறார்.

இப்போது வூஹானுக்கு வாருங்கள். லி வென்லியாங் கண் மருத்துவர். 2019 டிசம்பர் 30 அன்று, தன்னோடு படித்த மருத்துவர்களின் வீசாட் (அங்கத்து வாட்ஸ்அப்) குழுவில், சார்ஸ் நுரையீரல் நோய் போல ஒன்று வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று எழுதினார். ஜனவரி 3 அன்று போலீஸ் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கைத் தாளை நீட்டியது. இதை நிறுத்த முடியுமா? "முடியும்." புரிந்ததா? "புரிந்தது." கையெழுத்து, சிவப்பு மையில் கைரேகை. பிப்ரவரி 7 அன்று அதே நோயில், கோவிட்டில், இறந்தார். கண் டாக்டருக்குத் தொற்றுநோயில் என்ன வேலை?

சரி, உடைக்காரன்? மேலிருந்து அனுமதி வந்தால்தான் தகவலை வெளியிட முடியும் என்று வூஹான் மேயர் தொலைக்காட்சியிலேயே சொன்னார். பிப்ரவரியில் வூஹான் நகரம், அது இருக்கும் ஹூபேய் மாகாணம் இரண்டின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர்களின் பதவி பறிபோனது. லிக்குத் தந்த எச்சரிக்கையை மார்ச்சில் திரும்பப் பெற்று, குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அடுத்த முறை பிரபு குளிரில் நடுங்கினால் யார் கிட்டே போவார்கள்? ஹான் ஃபெய் இதைக் கேட்கவே இல்லை.

கேட்ட ஆள் அவருக்கு ஐந்நூறு அறுநூறு ஆண்டுகள் முன்பே இருந்திருக்கிறார். சௌ வம்சத்து லி மன்னன், குறை பேசுபவர்களைக் காட்டிக்கொடுக்க ஒரு மந்திரவாதியை வைத்திருந்தான். சிக்கியவர்களுக்கு மரணம். தெருவில் சந்தித்தால் ஜனங்கள் கண்ணால் மட்டும் பேசினார்கள். புகாரை நிறுத்திவிட்டேன் என்று மன்னன் பெருமையடித்தபோது அவனுடைய அமைச்சர் ஷாவ் பிரபு சொன்னார்: மக்கள் வாயை அடைப்பது ஆற்றை அடைப்பதைவிட மோசம். மூன்று ஆண்டுகளில் மன்னனை விரட்டிவிட்டார்கள். (இதற்குச் சமமான குறளைக் கமெண்டில் யாராவது போடுவீர்கள், தெரியும்.)

ஷாவ் பிரபுவை ஜனநாயகவாதியாக்க வேண்டாம். மக்கள் உரிமை பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச விட்டால்தான் எது கெட்டுப்போகிறது என்று அரசனுக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த வறட்டுக் காரணம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. கட்சிக்காரர்களுக்கும் அது புரியும் மொழி.

2022 நவம்பரில் சீனாவின் வடமேற்கில் இருக்கும் உரும்சி நகரில் அடுக்குமாடித் தீயில் 10 பேர் இறந்தார்கள். கோவிட் ஊரடங்கால் தப்பிக்க முடியாமல் போனதோ என்ற கோபத்தில் ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் இளைஞர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்து நின்றார்கள். கண்ணால் பேசியவர்களின் வாரிசுகள். டிசம்பர் 7 அன்று கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். தாள் பிடித்தவர்களில் சிலரைப் போலீஸ் அதற்கப்புறமும் தேடிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.