தடித்த எஃகு உடையாது என்பது தவறு

“சின்னத் துண்டு சோதனையில் வளைந்து கொடுத்தது, அதே எஃகில் தடித்த தகடு இன்னும் பாதுகாப்பானது” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இதை நம்புவது ஆபத்து.

மெல்லிய துண்டில் விரிசல் முனையிலுள்ள உலோகம் பக்கவாட்டில் சுருங்கி, நெகிழ்ந்து, ஆற்றலை உள்வாங்கும். தடித்த தகட்டின் நடுவிலோ, சுற்றியுள்ள உலோகம் அந்தச் சுருக்கத்தைத் தடுக்கிறது. மூன்று திசையிலும் இழுவிசை ஏறுவதால், போதிய அளவு நெகிழும் முன்பே பிளந்துவிடலாம், குளிரில் இன்னும் எளிதாக. பெரிய துண்டில் பலவீனமான புள்ளி சிக்கும் வாய்ப்பும் அதிகம்.

அப்புறம் வடிவம்: கூரான மூலைகளில் விசை குவியும். இரண்டாம் உலகப் போர்க்கால லிபர்ட்டி எனும் அமெரிக்கச் சரக்குக் கப்பல்களில் பல விரிசல்கள் சரக்கறைத் திறப்பின் சதுர மூலைகளில்தான் தொடங்கின.

ஊசல் சுத்தியலால் அடித்து உடைத்து, எஃகு எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்று அளக்கும் சார்பி சோதனையில், வழக்கமான துண்டின் தடிமன் 10 மில்லிமீட்டர்தான். அதன் முடிவை 50 மில்லிமீட்டர் தகட்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.